பணித்தியத்தில் ஒரே ஓர் ஆசிரியர்: கெடா தமிழ்ப்பள்ளிகளும் சமூக ஊடகக் கற்றலும்

கெடா மாநிலத்தில் ஏறத்தாழ 60 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றை ஒரே வகையாக எண்ணிக்கொள்வதால்தான் ஆசிரியர் வளர்ச்சி பற்றிய பேச்சு அடிக்கடி தடம் மாறிப்போகிறது. சுங்கை பட்டாணி, கூலிம் போன்ற நகரங்களில் ஓர் ஆண்டுக்கு இரண்டு மூன்று வகுப்புகள் வைத்து நடத்தும் பள்ளிகள் உண்டு. அங்கே கணிதம் போதிக்கும் ஆசிரியருக்குச் சந்தேகம் வந்தால் அடுத்த வகுப்பிலேயே இன்னொரு கணித ஆசிரியர் இருப்பார். பாலிங், கோலக் கெட்டில், பீடோங், பாடாங் செராய் வட்டாரங்களின் தோட்டப் பள்ளிகளில் அப்படி இல்லை. 150-க்கும் குறைவான மாணவர் படிக்கும் பள்ளியைக் குறைந்த மாணவர் பள்ளி என்று கல்வி அமைச்சு வகைப்படுத்துகிறது. நாட்டின் தமிழ்ப்பள்ளிகளில் பாதிக்கும் மேல் அந்த வகைக்குள்தான் வருகின்றன. அத்தகைய பள்ளியில் அறிவியல் பணித்தியத்தின், அதாவது அந்தப் பாட ஆசிரியர் குழுவின், தலைவர், செயலாளர், உறுப்பினர் எல்லாமே ஒருவராக இருப்பது இயல்பு. தான் நடத்திய பாடம் ஏன் பிடிபடவில்லை என்று கேட்க அவருக்குப் பள்ளிக்குள் ஆளில்லை. புலனம் என்று நாம் சொல்லும் வாட்ஸ்அப், டெலிகிராம், முகநூல் ஆகியவற்றில் இயங்கும் ஆசிரியர் குழுக்கள் நகரத்து ஆசிரியருக்கு ஒரு வசதி. தோட்டப் பள்ளி ஆசிரியருக்கோ சக ஆசிரியர் என்று சொல்லிக்கொள்ளக் கிடைத்திருக்கும் ஒரே துணை. அந்தக் குழுக்கள் இன்று பாடப்பொருளை விநியோகிப்பதில் தேர்ந்துவிட்டன. கற்பித்தலைப் பற்றிப் பேசுவதை இன்னும் தொடங்கவே இல்லை. மாணவர் எழுதிய தாள் நடுவில் வைக்கப்பட்டு, சிறு குழுவாக, ஒரே பாடத்தைப் பற்றி, நேர்ச் சந்திப்போடு பிணைந்து நடக்கும்போதுதான் குழுப் பேச்சு தொழில் வளர்ச்சி ஆகும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்தத் தனிமை நேற்று வந்ததல்ல. கூட்டு மலாய் மாநிலங்களின் 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. கெடா அந்தக் கூட்டில் சேராத மாநிலம். ஆனாலும் இங்குள்ள தோட்டப் பள்ளிகளும் அதே வார்ப்பில்தான் வளர்ந்தன: லயங்களுக்கு அருகில் ஒரு கொட்டகை, எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர், அவரையே நம்பியிருக்கும் பிள்ளைகள். கங்காணியோ கிராணியோ வாத்தியார் வேலையையும் சேர்த்துப் பார்த்த காலம் அது. அவருக்குப் பயிற்சியும் இல்லை, தொழில் பேசத் தோழரும் இல்லை. நாடு விடுதலை பெற்ற 1957-இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்ததாகக் கணக்கு. தோட்டத் துண்டாடல், ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, குடும்பங்கள் நகரத்துக்குப் பெயர்ந்தது என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்த மாற்றங்களால் அந்த எண்ணிக்கை இன்று 530-க்குள் சுருங்கிவிட்டது. இன்றைய ஆசிரியர் பட்டதாரி. ஆசிரியர் கல்விக் கழகத்திலோ பல்கலைக்கழகத்திலோ பயிற்சி பெற்று வந்தவர். மாறாமல் நிற்பது பள்ளிக்குள் அவருடைய தனிமை மட்டும்தான். அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975-இல் வெளியிட்ட தம் நூலில், ஆசிரியத் தொழிலின் மையக் குறையே ஒவ்வொருவரும் தத்தம் அறைக்குள் அடைபட்டிருப்பதுதான் என்று காட்டினார். அவர் ஆராய்ந்தவை நூற்றுக்கணக்கான பிள்ளைகள் படித்த பள்ளிகள். ஆறு ஆண்டுகளுக்கும் சேர்த்து 40 பிள்ளைகள் உள்ள பள்ளியில் அந்தக் குறை எத்தனை மடங்கு என்பதை விளக்கத் தேவையில்லை.

தொலைவில் இருப்பவர்களை ஓர் ஊடகம் சேர்த்துவைத்துக் கற்பிப்பதும் மலேசியத் தமிழருக்குப் புதிதல்ல. 1950-இல் தமிழ் நேசன் நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய கதை வகுப்பை இந்த இடத்தில் நினைவுகூர வேண்டும். தோட்டங்களிலும் சிற்றூர்களிலும் சிதறிக் கிடந்தவர்கள் நாளிதழில் பாடத்தைப் படித்தார்கள், பயிற்சி எழுதி அனுப்பினார்கள், அவர்கள் எழுதியது மதிப்பிடப்பட்டது. மலேசியத் தமிழ்ச் சிறுகதையின் ஒரு தலைமுறை அங்கிருந்து எழுந்தது என்பது இலக்கிய வரலாறு. ஆசிரியர் வளர்ச்சிக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று. நாளிதழ் எல்லார் வீட்டுக்கும் போனது. அதைப் படித்ததால் மட்டும் யாரும் எழுத்தாளர் ஆகவில்லை. எழுதி அனுப்பியவர்கள்தான் வளர்ந்தார்கள். தம் வேலையை இன்னொருவர் கண்முன் வைத்து, இந்த இடம் சரியில்லை என்று சொல்லக் கேட்டதுதான் அவர்களை வளர்த்தது. நம் புலனக் குழுக்களில் நாளிதழின் பரவல் வந்துவிட்டது. திருத்தும் பேனா இன்னும் வரவில்லை.

குழுக்கள் இவ்வளவு விரைவாகப் பரவியதற்கும் காரணங்கள் உண்டு. முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் கணினியிலும், பின்னர் செல்லினம் கைப்பேசியிலும் தமிழை எளிதாக்கின. எழுத்துருச் சிக்கலால் ஒருவர் அனுப்பிய கோப்பு இன்னொருவர் கணினியில் புரியாத குறிகளாகத் திறந்த காலம் ஒருங்குறி பரவியதும் பெரும்பாலும் முடிந்தது. அதே காலத்தில் அமைச்சு தன் பங்குக்கு அதிகாரபூர்வத் தளங்களை அமைத்தது. 1பெஸ்தாரிநெட் திட்டத்தின் கீழ் வந்த பிராக் மெய்நிகர் கற்றல் தளத்தை ஆசிரியர்களும் மாணவர்களும் மிகக் குறைவாகவே பயன்படுத்துகிறார்கள் என்று தலைமைக் கணக்காய்வாளரின் 2013-ஆம் ஆண்டு அறிக்கை சுட்டிக்காட்டியது. 2019-இல் அத்திட்டம் முடிவுக்கு வந்தது. 2020-இல் டெலிமா என்ற புதிய தளம் வந்தது. மேலிருந்து கட்டிக் கொடுத்த தளம் வெறிச்சோடிக் கிடக்க, யாரும் கட்டளையிடாத புலனக் குழுக்கள் நிரம்பி வழிந்தன. ஆசிரியர்கள் ஏற்கெனவே இருந்த இடத்துக்கே அவை வந்தன என்பதுதான் வேறுபாடு. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது இதன் உண்மை முழுதாகத் தெரிந்தது. அந்த ஆண்டு அமைச்சு எடுத்த கணக்கெடுப்பில் 36.9 விழுக்காட்டு மாணவரிடம் எந்த மின்னணுக் கருவியும் இல்லை என்று வெளிப்பட்டது. கருவி இல்லாத பிள்ளைக்கு எப்படிப் பாடம் போய்ச் சேரும், அச்சிட்ட பயிற்றியை யார் கொண்டுபோய்க் கொடுப்பது, பெற்றோரின் ஒரே கைப்பேசி வேலைக்குப் போய்விட்டால் பாடத்தை எத்தனை மணிக்கு வைப்பது என்றெல்லாம் ஆசிரியர்கள் ஒருவரையொருவர் கேட்டறிந்தது குழுக்களில்தான். வழிகாட்டி ஏடுகள் அச்சாகி வரும்வரை அந்தக் கேள்விகள் காத்திருக்க முடியாதவை.

இனி, சாதாரண நாளில் ஒரு பாடக் குழுவில் என்ன புழங்குகிறது என்று பார்க்கலாம். ஆண்டின் தொடக்கத்தில் ஆண்டுப் பாடத்திட்டம். வாரந்தோறும் நாள் பாடத்திட்ட மாதிரிகள். பிறகு பயிற்றிகள், நழுவல் காட்சிகள், வகுப்புசார் மதிப்பீட்டுக்கான பதிவுப் படிவங்கள், கலைத்திட்டத் தர ஆவணத்தில் வந்த திருத்தங்கள், விழாக்கால வாழ்த்துகள். யாராவது ஒரு கோப்பைக் கேட்பார், யாராவது அனுப்புவார், இருபது பேர் நன்றி சொல்வார்கள். இதைக் குறைத்து மதிப்பிட நான் தயாரில்லை. தேசியப் பள்ளி ஆசிரியருக்கு மலாயில் பாடப்பொருள் கடல்போல் கிடைக்கிறது. பதிப்பகங்களுக்கும் அங்கே சந்தை உண்டு. நாடு முழுதும் தமிழ்ப்பள்ளி மாணவர் ஏறத்தாழ 80,000 பேர்தான். அவர்களை ஆறு ஆண்டுகளாகவும் பல பாடங்களாகவும் பிரித்தால், நான்காம் ஆண்டு அறிவியலுக்குத் தமிழில் துணைநூல் போட எந்தப் பதிப்பகத்துக்கும் துணிவு வராது. அந்த வெற்றிடத்தை நிரப்புவது ஆசிரியர்கள் இரவில் உட்கார்ந்து தயாரித்துப் பகிர்பவையே. சுங்கை பட்டாணியைச் சேர்ந்த எழுத்தாளரும் ஆசிரியருமான கே. பாலமுருகன் போன்றவர்கள் தமிழ்மொழிப் பாடத்துக்கான பயிற்சிகளையும் வழிகாட்டிகளையும் இணையத்தில் எல்லாருக்கும் பொதுவாக வைத்தது இந்தப் பின்புலத்தில் பெரிய கொடை. சிறிய மொழிச் சமூகத்தில் பகிர்வு என்பது பாடநூல் தொழிலின் பாதியைத் தோளில் சுமப்பது.

ஆனால் பொருள் கைக்கு வருவதும் ஆசிரியர் வளர்வதும் ஒன்றல்ல. எந்தப் பயிற்சி ஆசிரியரின் கற்பித்தலை உண்மையில் மாற்றுகிறது என்ற கேள்விக்கு ஆய்வுலகம் ஓரளவு ஒருமித்த விடை தந்திருக்கிறது. லாரா டெசிமோன் 2009-இல் ஐந்து கூறுகளை முன்வைத்தார்: குறிப்பிட்ட பாடப்பொருளின் மேல் கவனம், ஆசிரியர் தாமே செய்து கற்பது, பள்ளியின் பிற நோக்கங்களோடு இசைவு, போதிய கால நீட்சி, ஒரே நிலையில் உள்ளவர்கள் சேர்ந்து பங்கெடுப்பது. லிண்டா டார்லிங்-ஹாமண்டும் அவருடைய சகாக்களும் 35 ஆய்வுகளை அலசி 2017-இல் வெளியிட்ட அறிக்கையும் ஏறக்குறைய அதே திசையில்தான் சென்றது; அதில் பின்னூட்டத்துக்கும் சிந்தித்துப் பார்ப்பதற்கும் தனி அழுத்தம் உண்டு. இந்த அளவுகோலை நம் குழுக்களுக்கு வைத்துப் பார்ப்போம். பாடக் கவனம் இருக்கிறது. கால நீட்சி தாராளமாக இருக்கிறது. ஆண்டு முழுதும் குழு இயங்குகிறது. ஒரே பாட ஆசிரியர்கள் கூடியிருக்கிறார்கள். இல்லாமல் போவது செய்து கற்பதும் பின்னூட்டமும். இந்த இரண்டும் இல்லாத இடத்தில் மற்ற மூன்றும் சும்மா இருக்கும். அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு ஏழு நாள் பயிற்சி என்ற விதிப்படி நடக்கும் வழக்கமான பட்டறைகளில் நிலைமை தலைகீழ்: அங்கே சில சமயம் செய்து பார்க்கும் வாய்ப்பு இருக்கும், நீட்சி இருக்காது. 2013-இல் நடந்த டாலிஸ் பன்னாட்டு ஆய்வில் மலேசிய இடைநிலைப்பள்ளி ஆசிரியர்களில் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் முந்தைய ஓராண்டில் ஏதேனும் ஒரு பயிற்சியில் பங்கேற்றிருந்தார்கள். பயிற்சிக்குப் போவதில் நம் நாட்டில் குறையில்லை. போய்வந்த பிறகு வகுப்பில் நடப்பதை யாரோடு பேசுவது என்பதில்தான் குறை.

வேறுபாடு எங்கே இருக்கிறது என்பதை ஒரு கணக்கைக் கொண்டு காட்டலாம். மூன்றாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று 402-இலிருந்து 178-ஐக் கழித்து 376 என்று எழுதியிருக்கிறது. சரியான விடை 224. இப்போதைய வழக்கப்படி ஆசிரியர் குழுவில் கழித்தல் பயிற்றி இருந்தால் அனுப்புங்கள் என்று கேட்பார். மூன்று பயிற்றிகள் வரும். பிள்ளை அதே தவற்றை இன்னும் முப்பது கணக்கில் செய்யும். அதற்குப் பதில், அந்தத் தாளையே பெயரை மறைத்துப் படமெடுத்துப் போட்டு, இப்படி ஏன் எழுதியிருக்கும் என்று கேட்டால் பேச்சு வேறு திசையில் போகும். ஒருவர் கவனிப்பார்: பிள்ளை ஒவ்வோர் இடமதிப்பிலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது, எட்டிலிருந்து இரண்டு, ஏழிலிருந்து பூஜ்யம், நான்கிலிருந்து ஒன்று. அது கவனக்குறைவல்ல, அதற்கென்று ஒரு விதி பிள்ளையின் மனத்தில் இருக்கிறது. இன்னொருவர், பத்தின் இடத்தில் பூஜ்யம் இருப்பதால் கடன் வாங்க இரண்டு படி ஏற வேண்டியிருக்கிறது, 432-இலிருந்து 178 கொடுத்துப் பாருங்கள், அங்கேயும் இதையே செய்கிறதா என்று கேட்பார். மூன்றாமவர் பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளை வைத்துச் செய்யச் சொல்வார். மறுநாள் முதல் ஆசிரியர் முயன்று பார்த்து என்ன நடந்தது என்று எழுதுவார். இத்தகைய பிழைகள் ஒழுங்கு உள்ளவை என்பதை 1978-லேயே பிரவுனும் பர்ட்டனும் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனால் ஆசிரியருக்குப் பயன்படுவது அந்த ஆய்வின் பெயர் அல்ல. தன் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் மனத்தைப் படிக்கும் பழக்கம். லீ ஷுல்மன் 1986-இல் ஆசிரியருக்கே உரிய தனி அறிவு என்று பிரித்துக் காட்டியதும் இதைத்தான். கணிதம் தெரிந்த பொறியாளருக்கு அந்த அறிவு கிடையாது. பயிற்றியைப் பதிவிறக்கம் செய்வதாலும் அது வராது.

இப்படி நடத்திக் காட்டியவர்கள் இல்லாமல் இல்லை. இந்தியாவில் கர்நாடகத்தில் 2011-இல் அரசு உயர்நிலைப்பள்ளி ஆசிரியர்களுக்கென ஐ.டி. பார் சேஞ்ச் என்ற அமைப்பு மாநிலக் கல்வித் துறையோடு சேர்ந்து பாட ஆசிரியர் மன்றங்களைத் தொடங்கியது. கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆசிரியர்கள் முதலில் நேரில் கூடிக் கணினி கற்றார்கள்; பிறகு மின்னஞ்சல் குழுக்களில் பாடத்தைப் பற்றிப் பேசினார்கள்; அந்தப் பேச்சில் விளைந்தவை கன்னடத்தில் ஒரு திறந்த பாடவளக் களஞ்சியமாகத் திரண்டன. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வரிசை. நேரில் ஒருவரையொருவர் அறிந்த பிறகே தொலைவுப் பேச்சு. பேச்சுக்குப் பிறகே களஞ்சியம். நாம் களஞ்சியத்தில் தொடங்கி அங்கேயே நின்றுவிட்டோம். மும்பை டாட்டா சமூக அறிவியல் கழகம் 2015-இல் தொடங்கிய கிளிக்ஸ் திட்டமும் சத்தீஸ்கர், மிசோரம், ராஜஸ்தான், தெலங்கானா மாநில அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு டெலிகிராம் குழுக்களை அமைத்து, பயிற்சிக்குப் பிந்தைய மாதங்களில் வகுப்பறை அனுபவத்தைப் பேசவைத்தது. எல்லாத் திறந்தவெளிக் குழுவும் இப்படிப் பேசும் என்று எதிர்பார்க்க முடியாது. அமெரிக்காவில் கார்ப்பெண்டரும் குருட்காவும் 755 கல்வியாளர்களிடம் டுவிட்டர் பயன்பாடு பற்றிக் கேட்டு 2014-இல் வெளியிட்ட ஆய்வில், தொழில் தனிமை நீங்கியதாகப் பலரும் சொன்னார்கள். அது ஆறுதலான செய்திதான். ஆனால் அது பங்கேற்றவர்களின் வாய்மொழி. வகுப்பில் என்ன மாறியது என்பதை அளந்த முடிவு அல்ல.

கெடாவுக்கு இந்தக் கேள்வியில் தனி இடம் உண்டு. அமைச்சின் மாவட்ட உருமாற்றத் திட்டம் 2013-இல் முதன்முதலாகக் கெடாவிலும் சபாவிலும்தான் முன்னோட்டமாக நடத்தப்பட்டது. அடுத்த ஆண்டு நாடு முழுதும் விரிந்தது. மாவட்டக் கல்வி இலாகாவிலிருந்து முழுநேர வழிகாட்டிகள் வகுப்பறைக்கே வந்து ஆசிரியரோடு உட்கார்ந்து பேசுவது அதன் உயிர்நாடி. தொலைவில் நடக்கும் பட்டறையை விட இது மேலானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த வழிகாட்டிகள் மலாய், ஆங்கிலம், கணிதம் ஆகிய பாடங்களுக்கென அமர்த்தப்பட்டவர்கள். தமிழ்மொழிக்கு அந்த ஏற்பாடு கிட்டவில்லை. தமிழில் கணிதம் நடக்கும் வகுப்புக்கு வரும் வழிகாட்டிக்குத் தமிழ் தெரிந்திருக்கும் என்ற உறுதியும் இல்லை. ஆக, நாட்டிலேயே வழிகாட்டலில் முன்னோடியாக இருந்த இடத்தில் தமிழ்மொழி ஆசிரியர் மட்டும் அதற்கு வெளியே நின்றார். இந்த இடைவெளியை நிரப்பும் தகுதி உள்ளவர்கள் மாநிலத்துக்குள்ளேயே இருக்கிறார்கள். சுங்கை பட்டாணியில் சுல்தான் அப்துல் ஹலிம் ஆசிரியர் கல்விக் கழகம் தமிழ் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கிறது. கூலிமில் சுவாமி பிரம்மானந்த சரஸ்வதியின் வழிகாட்டலில் இயங்கும் நவீன இலக்கியக் களத்தில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் கூடி நூல்களைப் படித்து விவாதிக்கிறார்கள். அது பயிற்சித் திட்டம் அல்ல, யாரும் வரச்சொல்லிக் கடிதம் அனுப்புவதும் இல்லை. ஒரே பிரதியைப் படித்துவிட்டு வந்து, நீங்கள் சொல்வதோடு எனக்கு உடன்பாடில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லப் பழகியவர்கள் ஒரு வட்டாரத்தில் இருப்பது பெரிய சொத்து. பாடக் குழுக்களுக்கு வேண்டியதும் அந்தப் பழக்கமே.

இங்கே எழும் முதல் மறுப்பு வேலைச்சுமை. ஆசிரியரின் கைப்பேசி ஏற்கெனவே ஓய்வதில்லை. நிர்வாகக் குழு, வகுப்புப் பெற்றோர் குழு, விளையாட்டுக் குழு, மாவட்ட இலாகாவின் குழு என்று வரிசை நீள்கிறது. இதில் இன்னொன்றா என்று கேட்பது நியாயம். என் பதில், சுமையைத் தருவது உரையாடல் அல்ல, கட்டளைகள் என்பது. நாளை காலைக்குள் இந்தப் புள்ளிவிவரம் வேண்டும் என்ற செய்தி வரும் அதே திரையில் கற்றல் பேச்சும் வந்தால் ஆசிரியர் இரண்டையும் சேர்த்தே வெறுப்பார். கற்றல் குழுவில் நிர்வாகத் தகவல் ஒன்றுகூட வரக்கூடாது. அதில் தலைமையாசிரியரோ அதிகாரியோ மேற்பார்வைக்காக இருக்கவும் கூடாது. எட்டு முதல் பன்னிரண்டு பேர், ஒரே பாடம், வாரத்துக்கு ஒரு மாணவர் தாள், அதற்கு மேல் வேண்டாம். நேரத்திலும் ஒரு கெடாச் சிக்கல் உண்டு. இங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். பினாங்கு, பேரா, கோலாலம்பூர் ஆசிரியர்களுக்குச் சனியும் ஞாயிறும். தேசிய அளவிலான இணையப் பட்டறை ஞாயிற்றுக்கிழமை வைக்கப்பட்டால் கெடா ஆசிரியர் வகுப்பில் இருப்பார். வெள்ளிக்கிழமை இவர் ஓய்வாக இருக்கும்போது அவர்கள் வேலையில். நூற்றுக்கணக்கானோர் உள்ள நாடளாவிய குழு செய்தி அறிவதற்குச் சரி. மார்க் கிரானோவெட்டர் 1973-இல் காட்டியதுபோல் நெருக்கமில்லாத தொடர்புகள் வழியாகத்தான் புதிய தகவல் வரும். ஆனால் தன் தவற்றைக் காட்டிப் பேச நெருக்கம் வேண்டும். அதற்கு ஒரே விடுமுறை உள்ள, ஒரு மணி நேரத்தில் காரில் போய்ச் சந்திக்கக்கூடிய, கோல மூடா அல்லது கூலிம் அல்லது பாலிங் மாவட்ட அளவே பொருத்தம்.

இரண்டாம் மறுப்பு அச்சம். இதைத்தான் நான் மிகக் கனமானதாக எடுத்துக்கொள்கிறேன். பொது அதிகாரிகள் (நடத்தை மற்றும் ஒழுங்கு) விதிமுறைகள் 1993-இன் 19-ஆம் விதி, அனுமதியின்றிப் பொது அறிக்கை விடுவதைத் தடுக்கிறது. 2022-இல் முதலாம் ஆண்டுப் பாடத்திட்டம் பிள்ளைகளுக்குக் கடினம் என்று முகநூலில் எழுதிய ஆசிரியர் ஒருவர் ஒழுங்கு நடவடிக்கையை எதிர்கொண்டது நாடறிந்த செய்தி. அதன் பிறகு எத்தனை ஆசிரியர்கள் எழுத வந்ததை எழுதாமல் விட்டிருப்பார்கள் என்பதை யாராலும் கணக்கிட முடியாது. புலனக் குழுவில் எழுதுவதும் திரைப்பிடிப்பாக வெளியே போய்விடலாம் என்பது எல்லார்க்கும் தெரியும். என் வகுப்பில் பாதிப் பேருக்கு இந்தத் திறன் வரவில்லை என்று எழுதினால் அது என் திறமைக்கு எதிரான சாட்சியாகிவிடுமோ என்ற தயக்கம் இயல்பானது. கோப்பைப் பகிர்ந்தால் பாராட்டு, சந்தேகத்தைப் பகிர்ந்தால் ஆபத்து என்ற நிலையில் எல்லாரும் கோப்பையே பகிர்வார்கள். ஆகவே குழுக்கள் விநியோக மையங்களாக நின்றுபோனதற்கு ஆசிரியரின் சோம்பலைக் காரணமாகச் சொல்வது அநியாயம். கொள்கையை விமர்சிப்பது வேறு, தன் கற்பித்தலைச் சக ஆசிரியரோடு ஆராய்வது வேறு. இரண்டாவது செயல் பணியின் ஒரு பகுதி, அதில் சொன்னது மதிப்பீட்டுக்கோ நடவடிக்கைக்கோ எடுக்கப்படாது என்று மாநிலக் கல்வி இலாகா எழுத்தில் ஓர் உறுதி தர வேண்டும். ஒரு பக்கச் சுற்றறிக்கை போதும். அது இல்லாமல் வேறு எந்த ஏற்பாடும் நிலைக்காது என்றே நினைக்கிறேன்.

பிழை பரவும் என்பதும், பிள்ளைகளின் தனியுரிமை கெடும் என்பதும் அடிக்கடி சொல்லப்படுபவை. ஒற்றுப்பிழையோடு ஒருவர் செய்த பயிற்றி ஒரே மாலையில் முந்நூறு பேரிடம் போய், மறுவாரம் பல பள்ளிகளில் அச்சாகிவிடுவது உண்மை. அதைத் தடுப்பது பேச்சுதான். திருத்தும் மரபுள்ள குழுவில், வலிமிகாத இடத்தில் வலி மிகுந்திருக்கிறது என்று ஒருவர் சொல்வதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நன்றி மட்டும் சொல்லும் குழுவில் பிழை நிலைபெறும். தனியுரிமைக்குக் கண்டிப்பான வரம்பு தேவை: பிள்ளையின் முகமோ பெயரோ பள்ளியோ தெரியும் எதுவும் குழுவில் வரக்கூடாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தாது என்பதால், இங்கே சட்டத்தை நம்பி இருக்க முடியாது. ஆசிரியர்களே வகுத்துக்கொள்ளும் நெறிதான் காவல்.

கடைசியாக ஒரு மறுப்பு, இப்போதெல்லாம் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டாலே பாடத்திட்டமும் பயிற்றியும் நொடியில் வந்துவிடுகின்றன, குழு எதற்கு என்பது. என் வாதத்துக்கு இது வலுவே சேர்க்கிறது. ஆயத்தப் பொருள் இனி அரிதல்ல என்றால், பொருளைப் பகிர மட்டுமே இயங்கும் குழுவுக்கு வேலை குறைந்துவிடும். முதலாம் ஆண்டையும் இரண்டாம் ஆண்டையும் சேர்த்து உட்காரவைத்த கூட்டு வகுப்பில் எந்தப் பிள்ளையை எப்போது தனியே விட்டு எந்தப் பிள்ளையிடம் போவது என்பதை, அதே மாதிரி வகுப்பை நடத்தும் இன்னோர் ஆசிரியரால்தான் பேச முடியும்.

அங்கீகாரம் பற்றியும் சொல்ல வேண்டும். ஆசிரியர்களின் பயிற்சியைப் பதிவுசெய்யும் அமைச்சின் முறையில் பள்ளிக்குள் நடக்கும் தொழில்முறைக் கற்றல் குழு அமர்வுகளுக்கும் நூல் வாசிப்புக்கும் இடம் உண்டு. 2011 முதல் அமைச்சு ஊக்குவித்துவரும் அந்தக் கற்றல் குழு, பாட ஆய்வு, சக ஆசிரியர் வழிகாட்டல் போன்றவற்றை அடிப்படையாகக் கொண்டது. ஆனால் பணித்தியத்தில் ஒருவரே உள்ள பள்ளியில் யாரோடு அமர்ந்து பாட ஆய்வு செய்வது? படிவத்தில் பதிவாகிறது, நடப்பதற்கு ஆளில்லை. பள்ளி என்ற எல்லையை அகற்றி, அண்டைத் தோட்டப் பள்ளிகளின் ஒரே பாட ஆசிரியர்கள் சேர்ந்த குழுவை ஒரே கற்றல் குழுவாக ஏற்றுக்கொண்டால், புலனத்தில் நடந்த பேச்சின் சுருக்கமும் தவணைக்கு ஒரு நேர்ச் சந்திப்பும் அந்தப் பதிவுக்குப் போதிய சான்றாகும். பேச்சைச் சேமிப்பதற்கும் வழி வேண்டும். குழு நிர்வாகி மாற்றலாகிப் போனாலோ கைப்பேசி பழுதானாலோ மூன்றாண்டுப் பேச்சு மறைந்துபோவது இப்போது சாதாரணம். ஆசிரியர் கல்விக் கழகத்தின் தமிழ்ப் பிரிவு இந்தப் பேச்சுகளை ஆண்டுதோறும் தொகுத்து, எந்தத் தவறு எந்த வகுப்பில் வருகிறது, எதைச் செய்தபோது மாறியது என்று பாடவாரியாக எழுதிவைத்தால், பயிற்சி ஆசிரியர்களுக்கு அதைவிட நல்ல பாடநூல் தமிழில் வேறில்லை.

தொடங்குவதற்குப் பொருத்தமான சமயம் எது என்று கேட்டால், 2027-க்கெனத் திட்டமிடப்பட்டுள்ள புதிய பள்ளிக் கலைத்திட்டத்தைச் சொல்வேன். ஆறாம் ஆண்டில் நடந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்ட பிறகு, பிள்ளை என்ன கற்றது என்பதற்குப் பெரும்பாலும் வகுப்பாசிரியரின் தீர்ப்பே சான்றாகிவிட்டது. பாலிங்கில் மூன்றாம் அடைவு நிலை என்று ஓர் ஆசிரியர் மதிப்பிட்ட கட்டுரையை, சுங்கை பட்டாணியில் இன்னோர் ஆசிரியர் ஐந்தாம் நிலை என்று மதிப்பிடலாம். இருவரும் ஒருவர் தாளை மற்றவர் பார்த்ததில்லை என்பதால் வேறுபாடு இருப்பதே யாருக்கும் தெரியாது. புதிய கலைத்திட்டம் வகுப்புக்கு வந்த முதல் தவணையிலேயே, மாவட்டத்துக்கு ஒரு தமிழ்மொழிக் குழுவும் ஒரு கணிதக் குழுவும் முதலாம் ஆண்டு ஆசிரியர்களைக் கொண்டு அமையலாம். முதல் வாரத்து வேலையாக ஒவ்வொருவரும் தம் வகுப்பிலிருந்து ஒரு தாளை வைத்து, தாம் கொடுத்த நிலையைச் சொல்லாமல், மற்றவர்கள் என்ன நிலை கொடுப்பார்கள் என்று கேட்கட்டும். வரும் எண்கள் ஒத்துப்போகாது. ஏன் ஒத்துப்போகவில்லை என்று அடுத்த வெள்ளிக்கிழமை கூலிமிலோ சுங்கை பட்டாணியிலோ ஒரு பள்ளியில் உட்கார்ந்து, தர ஆவணத்தையும் அந்தத் தாள்களையும் மேசையில் பரப்பிவைத்துப் பேசிக்கொள்ளலாம்.